பட்டியில் மூணு ராத்திரி, ஒரு ஒன்பது பின் ஒயர்

எங்க ஐயனுக்கு இப்ப 79 வயசு. எங்க பக்கம் அப்பாவை ஐயன்னுதான் கூப்பிடுவோமுங்க. போன வருசம் மாசி மாசம் ஒரு ராத்திரி, காய்ச்சல்னு சொல்லி அவரைப் பட்டியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து வீட்டுக்குள்ள படுக்க வெச்சேன். அன்னிக்குன்னு பார்த்து தெருநாய்க பட்டிக்குள்ள பூந்துருச்சு. வெடியால போய்ப் பார்த்தா ஏழு உருப்படி செத்துக் கெடக்குது. அதுல மூணு சினையாடு. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டுல போட்டுப் போராடுனதைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த ஊருகளுக்கு நடுவுலதான் எங்க தோட்டமும் இருக்கு.

ஐயன் ஒண்ணும் சொல்லலை. காய்ச்சல் வுட்டதும் கட்டிலைத் தூக்கிக்கிட்டுப் பட்டிக்கே போயிட்டாரு. மார்கழிப் பனியிலயும் அங்கதான். இருமல் நிக்கவே இல்லை. நான் என்ன சொல்லியும் கேக்கலை.

கேமரா மாட்டுனது அதுக்குத்தான். பட்டியைச் சுத்தி நாலு கேமரா. ராத்திரி ஏதாச்சும் அசைஞ்சா என் போன் கத்தும், நான் எந்திரிச்சு ஓடுவேன், நீங்க உள்ள படுங்கன்னு கெஞ்சி, ஒரு மாசம் கழிச்சு ஒத்துக்கிட்டாரு. அப்புறம்தான் அவரு இருமல் கொறைஞ்சுது.

இந்தக் கேமரா நெட்டெல்லாம் ஒரு சின்ன அலுமினியப் பொட்டி வழியாத்தான் போகுது. அண்ணன் பையன் 2020 ஊரடங்குல கோயமுத்தூர் ஆபீஸை மூடிட்டு இங்க வந்து ஒன்றரை வருசம் வேலை பார்த்தான். அப்ப அவன் வெச்சது. சுவிட்சர்லாந்துல பிசி எஞ்சின்ஸ்னு ஒரு கம்பெனி பண்ணுன ஏபியு போர்டு. அதுக்குள்ள ஓடறது பிஎஃப்சென்ஸ்னு ஒரு மென்பொருள். இங்கிலீஷ்ல இதுக்கு நெருப்புச் சுவருன்னு பேரு. எனக்கு அது வேலிப்பொட்டி. கொறங்காட்டைச் சுத்திக் கிளுவை வேலி போட்டு ஒரே ஒரு கடவு வுட்டு, அதுல படல் கட்டற மாதிரிதான் இதுவும். உள்ள இருக்கறது வெளிய போகலாம், வெளிய இருக்கறது கேக்காம உள்ள வர முடியாது. மலிவு விலைக் கேமராக எந்த ஊரு சர்வருக்கோ சும்மா பேசிக்கிட்டே இருக்குமாம். அதையெல்லாம் அடைச்சுவுட்டு, என் போன் மட்டும் விபிஎன் வழியாப் பார்க்கற மாதிரி பண்ணிக் குடுத்துட்டு அவன் ஜெர்மனி போயிட்டான்.

எனக்குக் கை சும்மா இருக்காது. போன மாசம் ஒரு நாள் பொழுதோட உக்காந்து, கேமராவைத் தனி வீலேன்ல பிரிச்சுவிடலாம்னு ஆரம்பிச்சேன். வீலேன்ங்கறது ஆட்டு முதுகுல சாயக்குறி வைக்கற மாதிரி. நாலு பேரு ஆடு ஒரே காட்டுல மேஞ்சாலும் குறி பார்த்துப் பிரிச்சுக்கலாமில்லைங்களா, அதுதான். கேமராவுக்கு வைக்கவேண்டிய குறியை நான் வீட்டு நெட்டுக்கே வெச்சுட்டேன். சேவ் அமுக்குனேன். பக்கம் சுத்திக்கிட்டே நின்னுபோச்சு. குறி இல்லாத ஆட்டை உள்ள வுடாதேன்னு பொட்டிக்குச் சொல்லியாச்சு. என் லேப்டாப்பு குறி இல்லாத ஆடு.

வைஃபை போச்சு, விபிஎன் போச்சு. கேமரா ரிக்கார்டர் மட்டும் தன்னால பதிவு பண்ணிக்கிட்டிருந்துச்சு. ஆடு எப்படிச் செத்துச்சுன்னு வெடிஞ்சப்புறம் பார்க்கத்தான் அது ஆகும்.

செல்போன் டேட்டாவுல ஜெர்மனிக்குக் கூப்பிட்டேன். அவனுக்கு மத்தியானம்.

"சித்தப்பா, நானும் உள்ள வர முடியாதுங்க. நான் வர்ற விபிஎன்னே அந்தப் பொட்டிக்குள்ளதானுங்களே இருக்குது."

"டிவியை மாட்டிப் பார்க்கட்டுமா?"

"அதுல டிவி மாட்ட ஓட்டையே கெடையாதுங்க. பின்னாடி ஒன்பது ஊசி இருக்கற மாதிரி ஒண்ணு இருக்குதுங்களா? அதுதான் சீரியல் கன்சோல். அது ஒண்ணுதான் வழி. ஒயரும் கன்வெர்ட்டரும் பச்சை டப்பாவுல வெச்சிருந்தேன்."

பச்சை டப்பா இருந்துச்சு. யுஎஸ்பி கன்வெர்ட்டரும் இருந்துச்சு. ஒயரை மட்டும் காணோம். தீவாளிக்கு வீடு கூட்டறப்ப பழைய இரும்புக்காரனுக்குப் போயிருக்கும்னு என் சம்சாரம் சொன்னா. சொன்ன தொனியைப் பார்த்தா, போட்டவ அவளேதான்.

திரும்பிப் பார்க்கறேன், ஐயன் கட்டிலைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு எறங்கறாரு. போன் கத்தாதுன்னு அவருக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியலை. பின்னாடியே நானும் பாயை எடுத்துக்கிட்டுப் போனேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. விடிய விடிய அவரு இருமுனாரு.

வெடியால சங்கத்துல பால் ஊத்தறப்பதான் கவனிச்சேன். பால்ல கொழுப்பு பார்க்கற மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கறது அதே மாதிரி ஒன்பது பின் ஒயர்! பத்து வருசமா தினமும் அதுக்கு முன்னால போசியோட நின்னிருக்கேன். சங்கத்துத் தம்பிகிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. சாயங்காலம் திருப்பித் தர்றேன்னு வாங்கிட்டு வந்தேன்.

மாட்டுனேன். லேப்டாப்புல புட்டியைத் திறந்து சீரியல்னு குடுத்தேன். கருப்புத் திரை. எண்டரை நூறு தரம் தட்டியிருப்பேன். ஒரு புள்ளி வரலை. பொட்டியே செத்துப்போச்சு போலன்னு பயமாயிருச்சு. அந்தக் கம்பெனி இந்தப் போர்டுகளை நிறுத்தறோம்னு 2023லயே சொல்லிட்டாங்க. இது போச்சுன்னா இதே மாதிரி புதுசு வாங்க முடியாது.

அன்னிக்கு ராத்திரியும் பட்டி. ரெண்டு மணி இருக்கும். ஐயன்தான் முதல்ல எந்திரிச்சாரு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கலை. டார்ச்சு அடிச்சா வேலிக்கு அந்தப்பக்கம் வெள்வேலா மரத்தடியில ஆறு கண்ணு மின்னுது. மூணு நாய். ரெண்டு பேரும் சத்தம் போட்டுக் கல்லெடுத்து வீசுனதும் இட்டேரிப்பக்கம் ஓடிருச்சு. ஐயன் கட்டில்ல உக்காந்து ரொம்ப நேரம் மூச்சு வாங்குனாரு. "உள்ள போய்ப் படுங்க, நான் பார்த்துக்கறேன்"ன்னேன்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னே" அப்படின்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேச.

அடுத்த நாள் குறிச்சி சிட்கோவுல இருக்கற மச்சானைக் கூப்பிட்டேன். அவன் சிஎன்சி ஆளு. பழைய மெஷினுகளுக்குப் புரோகிராம் ஏத்தறது இன்னமும் இந்த சீரியல் ஒயருலதான். கோயமுத்தூர்ப் பட்டறைகள்ல இது இல்லாம வேலை ஓடாது. ஆர்எஸ்-232ங்கற இந்த முறை வந்தது 1960ல. பரம்பிக்குளம் ஆழியாறு அணை வேலைக நடந்துக்கிட்டிருந்த காலம். அணையும் நிக்குது, இதுவும் நிக்குது.

"மாப்ள, மொதல்ல கன்வெர்ட்டர் உசுரோட இருக்குதான்னு பாரு. ஒயரைக் கழட்டிட்டு ரெண்டாவது ஊசியையும் மூணாவது ஊசியையும் ஒரு கம்பியில சேத்துப் புடிச்சுட்டு டைப் பண்ணு."

சேத்துப் புடிச்சு ஒரு 'அ' அடிக்கலாம்னு பார்த்தா இங்கிலீஷ் எழுத்துதான் வரும். ஏதோ அடிச்சேன். அடிச்சது அடிச்ச மாதிரியே திரையில வந்துச்சு. போனது திரும்பி வருதுன்னா கன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு வெச்சிருக்கற மல்டிமீட்டரை எடுத்து ஒயரோட ரெண்டு முனையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு.

"அட, அது நேர் ஒயரு மாப்ள. மூணாவது ஊசி வாய், ரெண்டாவது காது. நீ வாயையும் வாயையும் கட்டி வெச்சிருக்கே, யாருக்கு என்ன கேக்கும்? பால் மெஷின்ல உள்ளேயே மாத்தி வெச்சிருப்பாங்க. உன் பொட்டிக்கு ரெண்டையும் மூணையும் குறுக்கே போட்டு, அஞ்சை அஞ்சோட சேக்கணும். நல்-மோடம் ஒயருன்னு பேரு. நானே ஒண்ணு பத்த வெச்சு அனுப்பறேன்."

எப்படி அனுப்புவான்னு டவுன்ல இருக்கறவங்க கேப்பீங்க. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல கரூர் போற வண்டி கண்டக்டர்கிட்டக் குடுத்து, வண்டி நம்பரை எனக்கு மெசேஜ் பண்ணிட்டான். பம்புசெட்டு பேரிங்குல இருந்து மருந்து மாத்திரை வரைக்கும் எங்களுக்கு அப்படித்தான் வரும். ஆனா அன்னிக்கு வண்டி பல்லடத்துல மாட்டிக்கிச்சு. காங்கேயத்துல நின்னு, கண்டக்டருக்கு டீக்காசு குடுத்து ஒயரை வாங்கறப்ப மணி எட்டரை. வீட்டுக்கு வந்தா ஐயன் ஏற்கெனவே பட்டிக்குப் போயிட்டாரு. லேப்டாப்பைப் பார்க்கறதா, பட்டிக்குப் போறதா? பட்டிக்குப் போனேன். மூணாவது ராத்திரி.

வெடியால அஞ்சு மணிக்குப் பால் கறந்துட்டு வந்து உக்காந்தேன். ஒயரை மாட்டி எண்டர் தட்டுனதும் திரையில ஏதோ வந்துச்சு. ஆனா கோழி கிளறுன குப்பை மாதிரி. எனக்கு அதுவே சந்தோசம். வாய் திறந்துருச்சு, பாஷைதான் புரியலை. புட்டி தன்னால 9600 வேகம்னு வெச்சுக்கும், இந்தப் பொட்டி பேசறது 115200ல. அதை மாத்தி, எட்டு பிட்டு, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட்டு ஒண்ணு, ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம்னு வெச்சு மறுபடியும் தட்டுனேன்.

சுத்தமா வந்துச்சுங்க மெனு. நெட்டு இல்லை, ஐபி இல்லை, பிரவுசர் இல்லை. அந்த ஒயர் ஒண்ணுல பொட்டி பேசுது. பதினஞ்சாவது வரியில பழைய அமைப்பை மீட்கறதுக்கு இருந்துச்சு. ஒவ்வொரு தரம் சேவ் பண்றப்பவும் அது தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கு. நான் கோளாறு பண்ணுனதுக்கு முந்துனதைத் தேடிக் குடுத்தேன். அஞ்சுன்னு அடிச்சு ரீபூட். ரெண்டு மூணு நிமிசத்துல போன்ல பட்டி தெரிஞ்சுது. ஐயன் கட்டில்ல உக்காந்து பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தாரு.

இன்னொண்ணும் பண்ணுனேன். அந்த ஒயரை மாட்டுனா பாஸ்வேர்டே கேக்காம மெனு வந்துச்சில்லைங்களா, அது நல்லதில்லை. கன்சோலுக்கும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி அமைப்புல டிக் பண்ணிட்டேன். வேக நம்பரை அட்டையில எழுதிப் பொட்டி மேல ஒட்டியாச்சு. சங்கத்து ஒயரை அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டேன். வீலேன் வேலை அப்படியே கெடக்குது. அண்ணன் பையன் பொங்கலுக்கு வரட்டும்.

ஐயன் மட்டும் உடனே உள்ள வரலை. இன்னும் ஒரு வாரம் பட்டியிலேயே படுத்தாரு. எட்டாம் நாள் பொழுதோட வந்து, "அந்த ஒயரை எங்க வெச்சிருக்கே?" ன்னு கேட்டாரு. பச்சை டப்பாவுலன்னேன். எடுறான்னாரு. வாங்கி, தறிகயிறு சுத்தற மாதிரி வட்டமாச் சுத்தி முடிச்சுப் போட்டு, கட்டுத்தரையில மூக்கணாங்கயிறு தொங்கற ஆணியில மாட்டுனாரு. அது தீவாளிக்கும் யாரும் கை வைக்காத ஆணி.

அன்னிக்கு ராத்திரி கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டுக்கிட்டாரு. வீட்டுக்குள்ள இன்னும் வரலை.