அடக்கமான இனிப்பு

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்க்குப் புனித சவேரியார் அயலார் அல்லர். 1542-ஆம் ஆண்டில் நம் கரையில் கால்வைத்த அவர், 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பானின் காகோஷிமாத் துறையில் இறங்கினார் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த நாள் முதல், 'நம்மை விட்டு எத்தகைய நாட்டுக்குப் போனார்?' என்னும் ஆவல் நமக்கு இருந்துவந்தது. அது 2024 பெப்ருவரியில்தான் நிறைவேறிற்று. குருமடத்தில் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற நண்பர் ஒருவர் கியூஷூ தீவில் பணியாற்றி வருகிறார். அவர் அழைப்பின் பேரில் நாகசாகி நகரில் பத்து நாள் தங்கினோம்.

நிஷிசாகா குன்றையும், அங்கே 1597-இல் சிலுவையில் உயிர்நீத்த இருபத்தாறு மறைசாட்சிகளையும், ஓவுரா ஆலயத்தையும் பற்றி நம்மினும் நன்கறிந்தோர் பலர் எழுதியுள்ளனர். நாம் எழுதப்போவது ஒரு தின்பண்டத்தைப் பற்றி. பங்குத் தந்தை ஒருவர் கடல் கடந்து போய்த் தின்பண்டத்தைக் குறித்தா எழுதுவது என்று முகம் சுளிப்போர் இருப்பின், படித்து முடித்தபின் சுளிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுதல் முறை. நமக்குச் சர்க்கரை நோய் கண்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பங்கு மக்கள் அனைவரும் இதனை அறிவர். ஆயினும் வீடு சந்திக்கச் செல்லும்போது, "சாமிக்குச் சீனி கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன்" என்று கையில் தரும் தேநீரைக் குடித்து முடித்தால், அடியில் அரை விரற்கடைச் சீனி கரையாமல் கிடக்கும். சீனி குறைந்த தேநீரைத் தருவது விருந்தினரை அவமதிப்பதற்கு அடுத்த படி என்பது நம் மக்களின் எண்ணம். மறுத்தால் வீட்டாரின் முகம் வாடும். குடித்தால் மறுவாரம் மருத்துவரின் முகம் வாடும். இந்த இரு முகங்களுக்கும் நடுவே ஏழு ஆண்டுகளாக நடமாடி வருகிறோம். சீனி இல்லாமை என்றாலே அது நமக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்னும் எண்ணம் மனத்தில் ஊறிவிட்டது.

நாகசாகி, குன்றுகள் சூழ்ந்த துறைமுக நகரம். வீடுகள் சரிவுகளில் படிப்படியாக ஏறி நிற்கின்றன. கீழே 1915 முதல் ஓடிவரும் மின்சார டிராம் வண்டிகள் மணியடித்துச் செல்கின்றன. நாம் சென்றிருந்த வேளையில் சீனப் புத்தாண்டையொட்டிய விளக்குத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தெருவெங்கும் காற்றில் ஆடும் வண்ணக் கூண்டு விளக்குகள். போதாக்குறைக்குப் பெப்ருவரி 14-ஆம் நாள் அந்நாட்டில் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் பரிசளிக்கும் நாளாம். ஆகவே கடைகளில் சாக்லேட் மலைபோல் குவிந்திருந்தது. அவ்வாண்டில் அதே நாள்தான் திருநீற்றுப் புதனும்.

"நாளைக்கு நோன்பு. இன்றைக்கு உமக்கு ஒன்று வாங்கித் தருகிறேன், வாரும்" என்று, 13-ஆம் நாள் மாலை நண்பர் ஒரு கடைக்குள் அழைத்துச் சென்றார். 'நம் நோயை மறந்தீரோ?' என்றோம். "மறக்கவில்லை. அதனால்தான்" என்றார்.

கடையில் சிறுவர்களுக்கான அடுக்கில் பச்சை நிறப் பெட்டி ஒன்று இருந்தது. 'பை நோ மி' என்பது அதன் பெயர். பேஸ்ட்ரிப் பழம் என்று பொருள் கொள்ளலாம். லோட்டே நிறுவனம் 1979 முதல் செய்துவரும் பண்டம் அது. பெருவிரல் முனையளவே உள்ள பேஸ்ட்ரி, உள்ளே சாக்லேட். மாவையும் கொழுப்பையும் மாற்றி மாற்றி மடித்துத் தேய்த்து அறுபத்து நான்கு அடுக்குகள் ஆக்குகிறார்கள். அடுப்பின் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் மேலே தூக்கிவிட, வாயிலிட்டால் சருகுபோல் நொறுங்குகிறது. ஆனால் நண்பர் அதனை எடுக்கவில்லை. வேறோர் அடுக்கில், அதே பாங்கில் செய்யப்பட்டுக் கரிய சாக்லேட் இட்ட, கறுப்புப் பெட்டியை எடுத்தார். பெட்டியின் மேலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

"இது 'ஒதோனா'. வளர்ந்தவர் என்று பொருள். இது 'அமாசா ஹிகாஎமே'. இனிப்பு அடக்கமாக இருக்கிறது என்று பொருள்."

'குறைவாக' என்றல்லவா சொல்லவேண்டும் என்று கேட்டோம். இல்லை, ஹிகாஎமே என்னும் சொல்லை மனிதர்க்கும் சொல்வார்களாம். அவையில் முந்திக்கொண்டு பேசாதவரை, தம் பெருமையைத் தாமே எடுத்துரைக்காதவரை, 'ஹிகாஎமே ஆனவர்' என்று பாராட்டுவது அந்நாட்டு வழக்கம். அந்தச் சொல்லே சர்க்கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நம் ஊர்க் கடையில் 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதியிருந்தால் அது நோயாளிகளின் அடுக்கு. அங்கே அதே செய்தி, பிள்ளைகளுக்கு எட்டாத ஒரு சுவைக்கு நீ வளர்ந்துவிட்டாய் என்னும் மரியாதையாக நிற்கிறது. விற்பனைக்காரரின் சாமர்த்தியமும் இதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. பெரியவர்களிடம் பிள்ளைத் தின்பண்டம் விற்க வேறென்ன வழி?

பங்கு இல்லத்துக்குத் திரும்பி, பச்சைத் தேநீருடன் அமர்ந்தோம். இல்லத்தில் சமையல் செய்யும் மூதாட்டியும் உடனிருந்தார். முதல் துண்டை வாயிலிட்டதும், உண்மையைச் சொன்னால், ஏமாற்றமே உண்டாயிற்று. இனிப்பை எதிர்பார்த்து நின்ற நாவுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. மேலடுக்குகள் நொறுங்கின, வெண்ணெயின் மணம் எழுந்தது, மாவிலிட்ட உப்பு மெல்லத் தெரிந்தது. பின்னரே உள்ளிருந்த சாக்லேட் கரைந்து கசந்தது. கொக்கோ விதையிலுள்ள தியோபுரோமின் முதலிய பொருள்கள் இயல்பிலேயே கசப்பானவை. நாம் இதுகாறும் உண்டுவந்த பால் சாக்லேட்டில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையாதலால் அக்கசப்பு நமக்குத் தெரிந்ததே இல்லை. ஐம்பத்தாறு வயதில் அன்றுதான் கொக்கோவின் சுவையை அறிந்தோம் எனலாம். கசப்பு அடங்கும்போது, அதன் வால் பிடித்தாற்போல் ஓர் இனிப்பு வந்து, நெடுநேரம் நின்றது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்க்கு இது விளங்கும்.

மூதாட்டியார் தம் பங்கை இரண்டாகக் கடித்து உண்டு, "அமாசுகினாய்" என்றார். 'மிஞ்சிய இனிப்பு இல்லை' என்பது பொருள். பலகாரத்துக்கு அவர்கள் சூட்டும் பெரும் புகழ் அதுவேயாம். அவர்தம் மரபில் உலர்ந்த பெர்சிமன் பழத்தின் இனிப்பே பலகாரத்துக்கு எல்லை. அதற்கு மேல் போகலாகாது என்பார்கள். தேநீர்ச் சடங்கிலும் இனிப்பைத் தேநீரோடு சேர்த்து உண்பதில்லை. முதலில் இனிப்பை உண்டு முடித்து, நாவில் அதன் நினைவு நிற்கும்போதே கசப்பான தேநீரைப் பருகுகின்றனர்.

ஜப்பானியர் அனைவரும் இப்படிச் சீனிக்கு அஞ்சியவர்கள் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நாம் அமர்ந்திருந்த நகரமே அதற்கு எதிர்ச்சான்று. சர்க்கரை ஜப்பானுக்குள் பெருமளவில் புகுந்த வாசல் நாகசாகி. போர்த்துக்கீசியக் கப்பல்கள் 1571 முதல் இத்துறைக்கு வந்தன. அதற்கும் முன்னரே, 1569-இல், இயேசு சபைத் துறவி லூயிஸ் ஃப்ரோய்ஸ் கண்ணாடிக் குடுவை ஒன்றில் சர்க்கரை மிட்டாய்களை நிரப்பி, நாட்டின் பெரும்பகுதியைத் தம் வாளால் ஆண்ட ஓதா நொபுநாகாவுக்குக் காணிக்கையாக அளித்தார். அம்மிட்டாயை இன்றும் 'கொன்பெய்தோ' என்று போர்த்துக்கீசியப் பெயராலேயே வழங்குகின்றனர். ரொட்டிக்கு அவர்கள் சொல் 'பான்'. இலங்கைத் தமிழர் 'பாண்' என்கிறார்கள். இரண்டும் ஒரே கப்பலில் வந்த சொற்களே. போர்த்துக்கீசியர் 1639-இல் விலக்கப்பட்ட பின்பு, தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் 1641 முதல் ஒல்லாந்தர் மட்டும் அடைபட்டு வாணிகம் செய்தனர். அவர்கள் கப்பல்களிலும் சர்க்கரை மூட்டைகள் வந்திறங்கின. நாகசாகியிலிருந்து கொக்குரா வரை செல்லும் பழைய நெடுஞ்சாலைக்கு இன்று 'சர்க்கரைச் சாலை' என்றே பெயர். ஜப்பானிய ஏடுகளில் சாக்லேட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்பும் இந்நகரத்ததே என்பர்: 1797-இல் ஒரு பெண் ஒல்லாந்தரிடம் பெற்ற பரிசுகளின் பட்டியலில் அது இருக்கிறது. அந்தப் பெண்ணின் தொழிலைக் குடும்ப இதழில் விவரிக்க வேண்டுவதில்லை.

சீனி கிடைத்த ஊரில் சீனியே செல்வம். ஆதலால் இங்கே சமைத்த உணவில் இனிப்புப் போதவில்லை என்றால், பழைய தலைமுறையினர் 'நாகசாகி தூரமாயிருக்கிறதே' என்பார்களாம். சர்க்கரைத் துறைக்கு எட்டாத ஊரில் சமைத்ததோ என்னும் கேலி அது. நண்பர் இதைச் சொல்லி மூதாட்டியாரைப் பார்க்க, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தம் அன்னை அப்படிச் சொல்வதுண்டு என்றும், தம் பேரப்பிள்ளைகளுக்கு அது புரிவதில்லை என்றும் கூறினார். சீனி அரிதாயிருந்த காலத்தில் விருந்தினர்க்கு அதனை அள்ளி வைத்த அன்பும், நம் ஊர்த் தேநீரின் அடியில் கரையாமல் கிடக்கும் அன்பும் ஒன்றே அல்லவா? சீனி மலிந்துவிட்டது, வழக்கம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை, திருநீறு பூசிய நெற்றியோடு, 'காஸுதெரா' விற்கும் கடையொன்றைக் கடந்து நடந்தோம். முட்டை, மாவு, சர்க்கரை கொண்டு செய்யும் செவ்வகக் கேக் அது, வெண்ணெய் சேர்ப்பதில்லை. 1624-இல் தொடங்கிய ஃபுகுசாயா என்னும் கடை இன்றும் அதனைச் செய்கிறது. கேக்கின் அடியில் சர்க்கரைப் படிகங்கள் கரையாமல் தங்கியிருக்கும், பல்லில் நறநறக்கும் என்று நண்பர் விளக்கினார். முட்டையும் சர்க்கரையும் என்றவுடன் நமக்குத் தூத்துக்குடி மக்ரூன் நினைவு வந்தது. முட்டை வெண்கரு, சீனி, முந்திரி ஆகிய மூன்றால் ஆன அந்த வெண்ணிறக் கூம்பும் போர்த்துக்கீசியர் வழி வந்ததென்றே சொல்வர். நினைவு அதோடு நிற்கவில்லை.

நம் அன்னையாரும் சர்க்கரை நோயாளி. வலக்காலில் இரு விரல்களை இழந்தவர். 2011 கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். யாரோ கொடுத்த மக்ரூன் பொட்டலம் ஒன்று மேசைமேல் இருந்தது. "ஒண்ணே ஒண்ணுதானே சாமி" என்று கேட்டார். (மகன் குருவான நாள் முதல் அவர் நம்மைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.) நாம் மருத்துவரின் சொல்லை எடுத்துரைத்து, ஒறுத்தலின் பலனைப் பற்றியும் சிறிது பேசி, பொட்டலத்தை அலமாரியின் மேல் வைத்துவிட்டோம். அவர் மறுத்தொன்றும் சொல்லவில்லை. அடுத்த தவக்காலம் முடியுமுன் இறந்துபோனார். அடக்கத்துக்குப் பின் வீட்டை ஒழுங்குபடுத்தியபோது, எறும்பு மொய்த்துக் கிடந்த அந்தப் பொட்டலத்தை நாமே எடுத்து எறிந்தோம். செய்தது சரியா என்று பல குருக்களிடம் கேட்டிருக்கிறோம். சரி என்றே அனைவரும் சொன்னார்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டி அன்று இருந்திருந்தால் என்று ஓர் எண்ணம் ஓடியது உண்மை. ஆனால் உடனே அதைப் பிடித்து நிறுத்தினோம். ஏனெனில், முந்திய இரவே நண்பரின் உதவியால் பெட்டியின் பின்புறத்தைப் படித்திருந்தோம். ஆற்றல், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு என அங்கே வரிசையாக அளவு போட்டிருக்கிறார்கள். சர்க்கரை குறைந்திருக்கலாம், வெள்ளை மாவும் கொழுப்பும் எங்கும் போய்விடவில்லை. இரத்தத்தில் மாவும் சர்க்கரையாகவே முடிகிறது. 'பெரியவர்க்கானது' என்றால் 'நோயாளிக்கானது' என்று பொருளன்று. நம் இல்லங்களில் 'சாமி கூடச் சாப்பிட்டாராமே' என்று யாரும் பெட்டி பெட்டியாக வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம். நாம் உண்டவை இரண்டு துண்டுகள். மூன்றாவதை எடுக்கக் கை நீண்டது, நண்பர் மூடிவிட்டார்.

ஊர் திரும்புகையில் இரண்டு பெட்டிகள் வாங்கிவந்து, பங்குனி வெயிலுக்கு அஞ்சிக் குளிர்பெட்டியில் வைத்து, மார்ச்சு 31-ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறு திருப்பலிக்குப் பின் திறந்தோம். பீடச் சிறுவர்கள் ஆளுக்கொன்று வாயிலிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, மரியாதைக்காக விழுங்கினர். ஒருவன் துப்பவும் செய்தான். நம்மைப் போலவே மாத்திரை உண்ணும் பெரியம்மா ஒருவர், நாள்தோறும் முதற்பூசைக்கு வருபவர், அருகில் வந்து நின்றார். ஒரு துண்டைக் கொடுத்தோம். பாதியைக் கடித்து, கண்ணை மூடி நெடுநேரம் மென்றார்.

"சீனி போட மறந்துட்டாங்களா சாமி?"

"போட்டிருக்காங்க பெரியம்மா. கொஞ்சமா."

"ஆமா, இப்பத்தான் வருது" என்றார் அவர். மீதிப் பாதியை வெற்றிலையோடு சுருக்குப்பைக்குள் வைத்து, வாயை இறுக்கி முடிந்துகொண்டு, படியிறங்கிப் போனார்.