மரக்கறிப் பங்கு

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். கரைவாகு வட்டையின் நெல் விளைச்சலைப் பற்றியும், நெல்லின் விலை வீழ்ச்சியைப் பற்றியும் எத்தனையோ பத்திகள் எழுதியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுச் சட்டியில் வேகும் கீரை யார் கையால் விளைகிறது என்பதை 2022ஆம் ஆண்டு வரை நான் கேட்டறிந்ததில்லை.

அந்த ஆண்டை இலங்கையர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விவசாயிகளின் கொந்தளிப்புக்குப் பின் நவம்பரில் தடை விலகியது. ஆனால் வயல்கள் அடிபட்டது அடிபட்டதுதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு கைவிரித்தது. ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையில் விடுமுறை கொடுத்தார்கள். எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. கல்முனைச் சந்தையில் மரக்கறி விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அப்போதுதான் நண்பர் ஒருவர் மூலம் அந்தப் பெண்மணி அறிமுகமானார். எங்களூரை அடுத்த தமிழ்க் கிராமத்தவர்; கணவரை இழந்தவர். மணற்பாங்கான அரை ஏக்கரில், மாட்டெருவும் இலைதழையும் இட்டுக் கிணற்று நீரில் பயிர்செய்பவர். நீரிறைக்கும் பம்பிக்கு மண்ணெண்ணெய் வாங்கப் பணமில்லாமல் பாதித் தோட்டத்தைக் காயவிட்டிருந்தார். எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தோம். பன்னிரண்டு வாரத்துக்கு 6,000 ரூபாயை முன்கூட்டியே கொடுப்பது. வியாழன்தோறும் விளைந்ததில் ஒரு பங்கைப் பெறுவது. இதுதான் ஏற்பாடு.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமையல்ல. ஜப்பானில் 1970களிலேயே 'தெய்கெய்' என்ற பெயரில் இது பரவியிருந்தது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் இம்முறையைத் தொடங்கின. விளைச்சலில் மட்டுமன்றி இழப்பிலும் பங்கு கொள்வதே இதன் உயிர்நாடி. எங்கள் பக்கத்துக் குத்தகை முறை இதற்கு நேர்மாறானது. அதிலே விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதை அளந்தாக வேண்டும்.

முதல் பையில் பொன்னாங்காணியும் பயிற்றங்காயும் ஒரு சுரைக்காயும் இருந்தன. சுரைக்காயை இறாலுடன் சேர்த்து மனைவி பாலாணம் காய்ச்சினார். பொன்னாங்காணியை அரிந்து, தேங்காய்ப்பூவும் மாசியும் போட்டுச் சுண்டினார். நான் விரும்பியதை வாங்கிய காலம் போய், வந்ததைச் சமைக்கும் காலம் வந்தது. பாகற்காயைத் தொடாத என் பேரன், மூன்றாவது வாரம் பொரித்த பாகற்காயைக் கேட்டு வாங்கினான்.

இதற்கிடையில் எனக்குள் ஒரு குற்றவுணர்வு. 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி தமிழர் உண்ணாவிரதம் இருந்தனர். அதை எதிர்த்து முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். நானும் எழுதினேன். 'இரு தரப்பு' என்று எத்தனை முறை எழுதினேனோ தெரியாது. அந்த நாட்களிலும் இந்தப் பெண்ணின் கீரை எங்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என் செய்திகளில் அது இடம்பெறவேயில்லை.

எங்கள் ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2024 நவம்பர் இறுதியில் வந்தது. காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிச் சென்ற அதே வாரம். அந்தப் பிள்ளைகளை நினைத்து ஊரே அழுதுகொண்டிருந்தபோது மரக்கறியைப் பற்றி யார் நினைப்பார்? வெள்ளம் வடிந்தபின் அவர் வந்தார், வெறுங்கையுடன்.

"காக்கா, பாத்தியெல்லாம் அழுகிப் போச்சு. மிச்சக் காசத் திருப்பித் தாறன், கொஞ்சம் தவணை தாங்க."

அப்போது பங்கு 9,000 ரூபாய். எட்டுப் பைகள் வந்திருந்தன, நான்கு பாக்கி. எங்களில் ஒருவர் ஏற்கெனவே பணத்தைக் கேட்டுவிட்டார். உண்மையைச் சொல்வதானால், நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மூவாயிரம் ரூபாய். ஓய்வுபெற்றவனுக்கு அது சிறு தொகையல்ல. நான் வாய் திறக்குமுன் உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"விளைஞ்ச நேரம் ரெண்டு பூசணிக்காய் கூட வந்திச்சே, அப்ப காசு கூடக் குடுத்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. "தங்கச்சி, காசு வேணாம். விதை போடுங்க" என்று மட்டும் சொன்னேன். பணம் கேட்டவருக்கு உரியதை மற்ற ஏழு வீட்டாரும் பகிர்ந்து கொடுத்தோம். அவர் பிறகு எங்களோடு சேரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளம் அவருடைய வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது.

ஜனவரியில் ஒரு வியாழன் மாலை மீண்டும் பை வந்தது. உள்ளே ஒரே ஒரு கட்டு கங்குன் கீரை. அதைச் சுண்டி, குடும்பத்தோடு இருந்து சாப்பிட்டோம். ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது.