பழைய மோட்டாருக்குப் புதிய கிளச்

சிம்மக்கல் நெரிசலில் பழைய அம்பாஸடர் ஓட்டுவது இடது காலுக்கு ஒரு தவம். அடிக்கொரு தரம் மிதிபட்ட கிளச் தகடு ஒரு நாள் தேய்ந்து போகிறது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. “இரும்புக் கடையில் போட்டுவிடுங்களேன்” என்று நமக்குப் புத்தி சொல்லாத நண்பர் இல்லை. தகப்பனார் வாங்கிய வண்டியை அப்படிப் போட மனம் வருமா?

கடைக்குப் போய் “அம்பாஸடருக்குக் கிளச் வேண்டும்” என்றால் அங்கேதான் வினை ஆரம்பம். பெயர் ஒன்று, வயிற்றில் இருப்பதோ பல. நெடுங்காலம் ஓடியது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பிறகு டீஸல் வந்தது. 1992-ல் ஜப்பானிய இசுஸு வம்சத்து 1800 சி.சி. எஞ்சினும் வந்து சேர்ந்தது. ஒன்றின் கிளச் மற்றதற்குச் சேருமென்று நம்புவதற்கில்லை. வெளியூர்க் கடையொன்று நமக்கு அனுப்பிய தகட்டின் அகலம் என்னவோ சரிதான். நடுத் துவாரத்தின் பல் வரிசைதான் வேறு. திருப்பி அனுப்பிய செலவு நம் தலையில்!

ஆகவே, பழைய தகட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவதே உத்தமம். வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். பற்களை எண்ண வேண்டும். நடுக் குடம் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதென்று பார்க்க வேண்டும். புதியது கியர்ப் பெட்டியின் தண்டில் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சினில் தகட்டை விலக்குவது குண்டு பேரிங் அல்ல, கரி வளையம். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவர்கள் அதைத் தின்றுவிடுகிறார்கள்! எஞ்சின் பின்புறம் எண்ணெய் கசிந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். இல்லாவிடில் புதுத் தகடும் வழுக்கும்.

உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பழைய சாமானுக்கு இப்போது யானை விலை. பற்கள் பழுதில்லையென்றால் பழைய தகட்டுக்கே புது லைனிங் அடிப்பதுதான் நம் கட்சி. மதுரைக்கு இது புதிதல்ல. 1911-ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மோட்டார்த் தொழிலில் இறங்கிய ஊர் இது; இரண்டாவது மகாயுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ் ஓட்ட அவருடைய கம்பெனி கருவி செய்து கொடுத்தது.

ஒரே எச்சரிக்கை: அக்காலத்து லைனிங்கில் கல்நார் உண்டு. அந்தத் தூசி சுவாசப் பைக்கு எமன். ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், ரிவெட்டுத் தலைகள் லைனிங்குக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.