டெய்ரா சரக்குச் சந்தையில் ஒரு மாலை

ஊருக்குப் போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் நிற்க வேண்டி வந்தது. மாமாவின் மகன், எனக்கு ஒரு வயது இளையவன், அங்கே பதினொரு வருடமாக வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. அடுத்த கிழமை அவனும் வவுனியாவுக்குப் போக இருந்தான். "பிள்ளைகளுக்குச் சாமான் எல்லாம் வாங்கியாச்சு மச்சான். சரக்குச் சந்தையிலை ஒரு சின்ன அலுவல் மட்டும் கிடக்கு" என்றான். என்ன அலுவல் என்று நான் கேட்கவில்லை.

பர்துபாய்க் கரையில் 'அப்ரா' என்ற மரப்படகில் ஏறினோம். கட்டணம் ஒரு திர்ஹாம். குறிகட்டுவானில் லோஞ்சு ஏறிப் பழகியவர்களுக்கு இது விளையாட்டு மாதிரி. இருந்து நிமிர்வதற்குள் அக்கரை வந்துவிடும்.

டெய்ராவில் சந்தை கண்ணுக்குத் தெரியமுன் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. ஏலம், கறுவா, குங்குமப்பூ, காய்ந்த ரோசா மொட்டு, 'லூமி' என்கிற காய்ந்த தேசிக்காய், ஓமான் குந்திரிக்கம். குடும்பமாகப் போகிறவர்களிடம் குங்குமப்பூவைக் காட்டுகிறார்கள். ஆண்கள் தனியே போனால் குரலைத் தாழ்த்தி, "வயாகரா, நேச்சுரல்" என்கிறார்கள். மச்சான் அந்த இடத்தில் நின்றுவிட்டான். அலுவல் இதுதான்!

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது கருஞ்சிவப்பாகக் காய்ந்த ஒரு தண்டு. அரபியில் 'தர்தூத்'. மாரி மழைக்குப் பிறகு வளைகுடாப் பாலைவனத்தில், உப்பு நிலத்துச் செடிகளின் வேரை உறிஞ்சி வளரும் ஒட்டுண்ணி. பச்சை இலையே கிடையாது. சிவப்புக் கதாயுதம் போல மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பதவீன்கள் இளந்தண்டைத் தோல் உரித்துத் தின்பார்கள், வயிற்றுக் கோளாறுக்கும் கொடுப்பார்கள். அதன் உருவத்தைப் பார்த்தால் ஆண்மைக்கு மருந்து என்ற பேர் ஏன் வந்தது என்று விளங்கும். சீனாவிலும் இதன் இனச்செடி ஒன்றுக்கு அதே பேர்தான். மால்ற்றா தீவை ஆண்ட கிறிஸ்தவ வீரர்கள் இது முளைக்கும் ஒரு கற்பாறையைக் காவல் போட்டு வைத்திருந்தார்கள். 1746இல் அதில் ஏறுவதையே தடைசெய்தார்கள். மீறியவனுக்கு மூன்று வருடம் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை.

அடுத்து வந்தது எங்களுக்குத் தெரிந்த சரக்கு: சாலாமிசிரி. சித்த வைத்தியர்கள் அமுக்கிரா, பூனைக்காலியோடு சேர்த்துச் சொல்லும் அதே கிழங்கு. ஓர்க்கிட் செடியின் வேரடியில் இரண்டிரண்டாக இருக்கும். அரபியில் நரியின் விதை என்று பேர். நரிக்கு அரபியில் 'தஃலப்', எகிப்துக்கு 'மிஸ்ர்'. இரண்டும் கடல் கடந்து வந்து எங்கள் வாயில் சாலாமிசிரி ஆகிவிட்டன. இங்கேயும் உருவத்தைப் பார்த்து வைத்த நம்பிக்கைதான். துருக்கியில் இதன் மாவைப் பாலில் காய்ச்சிக் குளிருக்குக் குடிக்கிறார்கள். ருசியான பானம் என்று சொல்லலாம், அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

இவை இரண்டும் பெரிய கெடுதி செய்யும் என்று நான் பயப்படவில்லை. மூன்றாவதாக மேசைக்குக் கீழே இருந்து வந்ததுதான் என்னை உலுக்கியது. சின்னச் சின்னத் தேன் பக்கெற்றுகள். மேலே ராசகிரீடம் போட்ட படம். உள்ளே என்ன இருக்கிறது என்ற விபரம் இல்லை. "அரை மணித்தியாலத்திலை வேலை செய்யும்" என்றார் கடைக்காரர்.

மூலிகை அரை மணித்தியாலத்தில் வேலை செய்யாது. செய்தால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. வயாகரா என்ற பெயரில் 1998இல் விற்பனைக்கு வந்த சில்டெனாபில் மருந்தை இப்படித் தேனிலும் குளிசையிலும் களவாகக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அமீரகச் சுகாதார அதிகாரிகளும் எச்சரித்திருக்கிறார்கள். 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இத்தகைய தேன் விற்ற நாலு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் குளிசை வைக்கிறவர் தெரியாமல் இதைத் தின்றால் இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம்.

மச்சானுக்கு ஏழு வருடமாகச் சீனி வருத்தம். சீனி, நரம்பையும் சின்ன இரத்தக் குழாய்களையும் கெடுப்பதால் இந்தக் குறை வருவது சாதாரணம். சிலருக்கு இருதய நோயின் முதல் அறிகுறியே இதுதான்.

"டொக்டரிட்டைச் சொன்னனியோ?"

"இதை எந்த வாயாலை சொல்லுறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அகதியாக வந்த புதிதில் டொக்டரிடம் போகும்போது பத்து வயது மகன்தான் மொழிபெயர்ப்பு. தலையிடி, இருமல் எல்லாம் சொல்வான். சொல்ல வேண்டிய ஒன்றை நான் இரண்டு வருடம் சொல்லவே இல்லை. பெரிய ஒருவரை மொழிபெயர்ப்புக்குக் கேட்கலாம் என்பது அப்போது தெரியாது. பல நாடுகளில் ஆசுபத்திரியே அதை ஒழுங்கு செய்யும். நோர்வேயில் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அரச அலுவலகங்களிலும் ஆசுபத்திரிகளிலும் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கிறது. எங்கள் ஊர்க்காரர் மொழிபெயர்க்க வந்தால் கதை வெளியே போய்விடும் என்று பயந்தால், தெரியாத ஒருவரைத் தொலைபேசியில் தரும்படி கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த லேகியம் ஏதும் எடுத்தால் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் சந்தை நடுவில் நின்று மச்சானுக்குச் சொன்னேன். கடைக்காரருக்கு எரிச்சல். மச்சான் தேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தர்தூத் ஒரு துண்டும் கால் கிலோ லூமியும் வாங்கினான்.

வவுனியாவில் டொக்டரிடம் மூன்று தரம் போனானாம். முதல் இரண்டு தரமும் முழங்கால் வலி என்று சொல்லித் திரும்பியிருக்கிறான்.