ஒளியை அளந்தறிதல்

உதகையைச் சார்ந்த காந்தலில், மூடுபனி சூழ்ந்த காலையில், மாணவனொருவன் தன் பாட்டியைப் படம்பிடித்தான். வெண்பனி சாம்பல்நிறமாயிற்று, பாட்டியின் முகமோ இருண்டது. காரணம் யாது? ஒளிமானி வெண்மையையும் நடுநிறமெனக் கொண்டு ஒளியைக் குறைத்துவிடும். ஆதலின் ஒளியை இருமடங்காக்குதல் வேண்டும். வில்லைத்துளையை 8 என்னும் எண்ணினின்று 5.6க்கு விரிக்கலாம், எண் குறையத் துளை பெருகும், ஆயின் பின்புலம் தெளிவிழக்கும். அன்றி, 1/250 நொடியை 1/125 ஆக்கலாம். ஆயின் விரைந்து அசைவன மங்கும். பாட்டி அசையாது நின்றமையின், மாணவன் இரண்டாவதனைக் கொண்டான், முகம் துலங்கிற்று.

உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் ஆலை முன்னாளில் படச்சுருள் செய்தது. சுருளில் ஒருமுறை பதிந்த பிழை மீளாது. ஆதலின் அக்காலத்தார் எண்ணிய பின்னரே எடுத்தனர். ஆலை இன்று இயங்கவில்லை. எனினும், எண்ணித் துணியும் அப்பழக்கம் நம்மிடம் நிலைத்தல் வேண்டும்.