தளபதி சாப்பிட்ட வாத்து

ஆம்ஸ்டர்டாமில் ரயில் ஏறி, பையிலிருக்கும் முறுக்கைத் தின்று முடிப்பதற்குள் லைடன் வந்துவிடுகிறது. ஊர் முழுவதும் கால்வாய். கால்வாய்க்கு மேல் பாலம். பாலத்தை ஒட்டிச் சாய்த்து வைத்த சைக்கிள்கள். ராபன்பர்க் கால்வாயின் கரையோடு நடந்தால், 1575-ம் வருஷம் பிறந்த சர்வகலாசாலையும், அதன் பின்புறம் 1590-ல் ஏற்பட்ட தாவரத் தோட்டமும் வருகின்றன. ஹாலந்துக்குப் போகிறவர்கள் டூலிப் பூவைத்தான் தேடுவார்கள். நான் தேடிப் போனது ஒரு வைத்தியரை.

ஹெர்மன் பூர்ஹாவே, 1668-ல் பக்கத்துக் கிராமமான வோர்ஹவுட்டில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வைத்தியம், தாவரவியல், ரசாயனம் மூன்றுக்கும் ஏககாலத்தில் அவரே பேராசிரியர்! "ஐரோப்பாவில் இருக்கும் பூர்ஹாவேக்கு" என்று மட்டும் விலாசம் எழுதி, சீனாவிலிருந்து போட்ட கடிதம் கைக்கு வந்து சேர்ந்ததாம். நம்புவது உங்கள் இஷ்டம்.

அவர் பாடம் சொன்ன செசிலியா ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இப்போது அவர் பெயரிலேயே மியூசியம் நடக்கிறது. அன்று அவர் வசம் இருந்தவை பன்னிரண்டே கட்டில்கள். ஆறு ஆண்களுக்கு, ஆறு பெண்களுக்கு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நோயாளியைப் பார், அவன் சொல்வதைக் கேள் என்பதுதான் அவர் பாடம்.

அந்தப் பாடத்துக்கு 1723 அக்டோபரில் ஒரு பரீட்சை வந்தது. டச்சுக் கடற்படைத் தளபதி வாசனார் பிரபு ஐம்பது வயதைத் தாண்டியவர், சாப்பாட்டுப் பிரியர். வாத்து, ஆட்டிறைச்சி, பீர் என்று வயிறு முட்டச் சாப்பிடுவார். பிறகு கஷாயம் குடித்து வாந்தி எடுப்பார். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் மாதிரி, அவருக்கு அது ஒரு பழக்கம்.

அன்றிரவும் கஷாயம் குடித்தார். வாந்தி சரியாக வரவில்லை. இன்னும் குடித்து, பலத்தையெல்லாம் கூட்டிக் குமட்டினார். திடீரென்று "ஐயோ!" என்று ஓர் அலறல். உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது, பிழைக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். முதலில் வந்த வைத்தியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லைடனிலிருந்து பூர்ஹாவே விரைந்து வந்தார். ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய அந்த மேதைக்கும் நோய் இன்னதென்று விளங்கவில்லை. செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். மறுநாளே தளபதி இறந்து போனார்.

பெரிய இடத்துச் சாவு. "விதி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பூர்ஹாவே அப்படிச் செய்யவில்லை. தாமே கத்தியை எடுத்து உடலைத் திறந்து பார்த்தார். மார்பைத் திறந்ததும் குப்பென்று வந்தது வறுத்த வாத்தின் வாசனை! வயிற்றுக்குள் இருக்க வேண்டிய உணவும், குடித்த திரவமும் நுரையீரலைச் சுற்றித் தேங்கி நின்றன. வயிற்றுக்குச் சற்று மேலே, உணவுக்குழாய் அடியோடு பிய்ந்து கிடந்தது.

1724-ல் இதையெல்லாம் லத்தீனில் ஒரு சிறு புத்தகமாக எழுதி வெளியிட்டார். தளபதி என்ன சாப்பிட்டார், எப்படி உட்கார்ந்தார், எங்கே வலித்தது, தாம் என்ன கொடுத்தும் பலிக்கவில்லை என்பது வரை அதில் இருக்கிறது. தம் கையில் இறந்த நோயாளியைப் பற்றி இத்தனை விவரமாக ஊரறிய எழுத எத்தனை வைத்தியர்களுக்கு மனம் வரும்? இனி ஒருவருக்கு இப்படி வந்தால் அடையாளமாவது தெரியட்டும் என்பது அவர் எண்ணம். சிகிச்சை அவருக்கும் தெரியாது. மார்பைத் திறந்து தைப்பது அந்தக் காலத்தில் கனவிலும் நடக்காத காரியம்.

அது நடக்க 1947 ஆயிற்று. லண்டனில் நார்மன் பாரெட் என்ற சர்ஜன் கிழிந்த உணவுக்குழாயைத் தைத்தார், நோயாளி பிழைத்தார். நோய்க்கு இன்றும் பூர்ஹாவேயின் பெயர்தான். அபூர்வமானது, ஆனால் பொல்லாதது. பலமாக வாந்தி எடுத்தவுடன் மார்பிலோ மேல்வயிற்றிலோ பொறுக்க முடியாத வலி கண்டால், சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் இருபத்து நான்கு மணி நேரம்தான் முக்கியம்.

பூர்ஹாவே 1738-ல் காலமானார். ராபன்பர்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பீட்டர்ஸ்கெர்க் என்ற பழைய மாதா கோவிலில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே இப்போது வழக்கமான ஆராதனை கிடையாது. கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பெரிய பெரிய விருந்துகளும் நடக்கின்றன.