எம் மகனுக்கு யாம் தேர்ந்த பயிற்சி

எம் மகனுக்கு மூன்று வயது நிறைந்த காலத்தில், பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டில் குக்கர் கூவினாலோ, எங்கிருப்பினும் ஓடிவந்து சன்னலண்டை நின்று, மகிழ்ச்சி மிகுதியால் இரு கைகளையும் படபடவென உதறுவான். தண்ணீர் வேண்டுமெனக் கேளான், எம்முள் ஒருவரது மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் சென்று அக்கையைக் குடத்தின்மேல் வைப்பான், முகத்தை நோக்கான். காது கேளாமையோ என்று ஐயுற்றுச் சோதித்தோம், செவியிற் குறையில்லை. பின்னர் குழந்தை வைத்தியர் ஒருவர் இருமுறை நெடுநேரம் அவனோடிருந்து பார்த்து, இஃது ஆட்டிசம் என்றார். இதனை நீக்கும் மருந்தில்லை, பயிற்சியுண்டு, காலந் தாழ்த்தாது தொடங்குக என்றார். எப்பயிற்சி என்பதை மட்டும் எம்மிடமே விட்டுவிட்டார்.

உறவினர் கூறிய யோசனைகளை ஈண்டு விரிக்கவில்லை. லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-ல் பதினொரு குழந்தைகளைக் குறித்து இந்நிலையை விவரித்து எழுதினார். அதன்பின் நெடுங்காலம், தாய்தந்தையரின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொடிய அபிப்பிராயம் மேல்நாடுகளில் நிலவிற்று. தாமும் இத்தகைய பிள்ளைக்குத் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு 1964-ல் எழுதிய நூலே அதனைத் தகர்க்கத் தொடங்கியது. இவ்வரலாற்றை வாசித்த இரவில்தான் எம்முள் ஒருவர், கருவுற்ற காலத்தில் வேலைக்குச் சென்றது காரணமோ என்று பல மாதம் உள்ளத்துள் பூட்டிவைத்திருந்ததை வாய்விட்டுச் சொன்னார்.

யாம் இருவரும் இக்கல்லூரியில் பயின்ற நாளில், ஸ்கின்னரின் பெட்டியைப் பற்றி உளநூல் வகுப்பில் கேட்டதுண்டு. எலி நெம்புகோலை அழுத்தும், உணவு விழும், எலி மீண்டும் அழுத்தும். படம் வரைந்து மதிப்பெண்ணும் பெற்றோம். அவ்வெலியை மறுபடி சந்திப்போமென்று நினைத்திலோம். நடத்தைப் பயிற்சி என்பது இத்தத்துவத்தின்மீதே எழுந்தது: ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் குழந்தை வெற்றிபெற்றவுடன் அவன் விரும்புவதை அளித்து, அச்செயலை நிலைபெறச் செய்தல்.

யாம் முதலில் நாடிய நிலையத்தார், லோவாஸ் என்பார் 1987-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினர். வாரத்திற்கு 40 மணி நேரம், இரண்டாண்டு அல்லது அதற்கு மேலும் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர், ஏனைய பிள்ளைகளைப் போலவே முதல் வகுப்பை முடித்தனராம். அந்த 9 என்னும் எண் எம்மை உறங்கவிடவில்லை. அக்குழந்தைகள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவரல்லர் என்பதையும், அப்பயிற்சியில் உரத்த அதட்டலும் சிற்சில வேளை தொடையில் அடியும் இருந்தன என்பதையும் பின்னரே அறிந்தோம்.

அந்நிலையத்தில் அடி இல்லை. அதனைச் சொல்லிவிடல் நியாயம். ஆயினும் கதவு சாத்தியிருக்கும், பெற்றோர் வெளியே. “கையை மடக்கு, என்னைப் பார்” என்ற குரலும், அதனூடே எம் மகன் அழுகையும் கேட்கும். நான்காம் நாள் கதவைத் திறந்து காட்டினர். நாற்காலியில் அசையாது அமர்ந்திருந்தான். கைகள் மடிமேல் இருந்தன. எம்முள் ஒருவர் உண்மையாகவே மகிழ்ந்தார். அன்றிரவு அடுத்த வீட்டில் குக்கர் கூவிற்று. சன்னலண்டை ஓடாமல், இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தான்.

அதன்பின் ஒரு வாரம் எமக்குள் வாக்குவாதம். கையை உதறினால் பள்ளியில் நகைப்பரே, இன்று அழுதாலும் நாளை வாழ்வானே என்பது ஒருவர் கட்சி. இவ்வாறு அடக்கப்பட்டு வளர்ந்த ஆட்டிசமுடையோர், தம் இயல்பை ஓயாது மறைப்பதே தம்மைச் சோர்வித்தது என எழுதியிருப்பவற்றை மற்றவர் படித்துக் காட்டினார். நடத்தைப் பயிற்சியையே கைவிடுவோமா என்றும் எண்ணினோம். ஆனால் இப்பெயருக்குள்ளேயே வேறொரு வழியும் இருந்தது. டென்வர் முறை என வழங்கும் பயிற்சி, விளையாட்டினூடே அதே தத்துவத்தைக் கையாள்வது. 2010-ல் வெளியான ஆய்வில், 48 சிறு குழந்தைகளைச் சீட்டு முறையிற் பிரித்துச் சோதித்தபோது, அப்பயிற்சி பெற்றோர் அறிவிலும் மொழியிலும் முன்னேறினர். கோவாவிலும் ராவல்பிண்டியிலும், நிபுணரல்லாத பணியாளர் பெற்றோரையே பழக்கிய ஆய்வொன்று 2016-ல் வெளிவந்தது. அக்குழந்தைகள் பெற்றோரிடம் தாமாகவே கருத்துணர்த்த முற்படுவது மிகுந்தது.

இரண்டாவதாகக் கண்ட ஆசிரியை தரையில் அமர்ந்து, எம் மகன் டப்பா மூடியைச் சுழற்றுகையில், தாமும் ஒரு மூடியைச் சுழற்றினார். கால்மணி நேரம் ஒரு சொல்லும் இல்லை. பின்னர் அவன் மூடி உருண்டு அவரிடம் வந்தபோது, அதனைக் கையில் வைத்துக் காத்திருந்தார். அவன் கையை நீட்டினான். “தா” என்று அவனுக்காகச் சொல்லி, உடனே கொடுத்தார். எலியும் நெம்புகோலும் இங்கும் இருந்தன, அழுகை இல்லை.

கை உதறுவதை நிறுத்துவீர்களா என்று வினவினோம். “அதனால் அவனுக்கு என்ன தீங்கு?” என்றார். அறைக்குள் யாமும் இருக்கலாமா என்றோம். “நீங்கள் இல்லாவிட்டால் வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது?” என்றார். வாரம் பத்து மணி அவர் கற்பிப்பது, எஞ்சியது குளியலறையிலும் சமையலறையிலும் யாம் கற்பிப்பது என்று முடிவாயிற்று. செலவும் எமக்கு அவ்வளவுதான் இயன்றது.

இரண்டாண்டு சென்றன. முப்பது சொற்கள் வரை பேசுகிறான். வாக்கியம் இன்னும் வரவில்லை. நாற்பது மணி நேரமாயின் இன்னும் பேசியிருப்பானோ என்ற எண்ணம் சில இரவுகளில் வரத்தான் செய்கிறது.

அவ்வாசிரியை முதல் மாதத்திலேயே கற்பித்தவற்றுள் ஒன்று “போதும்” என எழுதிய ஓர் அட்டை. பாடம் மிகுந்தால் அதனை எடுத்து நீட்டுவான். நீட்டியவுடன் பாடத்தை நிறுத்திவிட வேண்டும். அட்டையைக் காட்டி ஏமாற்றுவானே என்று யாம் அஞ்சினோம். சிற்சில வேளை ஏமாற்றவும் செய்தான். சென்ற கிறிஸ்துமஸ் காலையில், ஆலயத்திற்கு நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாக அவன் தலையை வாரிக்கொண்டிருந்தோம். சீப்பு அவனுக்கு ஆகாது. முன்பெல்லாம் அலறித் தரையில் விழுவான். அன்று அலமாரியண்டை சென்று, அட்டையை எடுத்துவந்து எம் கையில் வைத்து, முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். சீப்பைக் கீழே வைத்தோம். பாதி வாரிய தலையோடே ஆலயத்திற்கு வந்தான்.